நிழலில் தொடங்குங்கள்

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சூரியக் குடும்பம் என்று சொன்னதுமே உங்கள் மனத்தில் ஒரு படம் வந்திருக்கும். கறுப்புப் பின்னணி. இடது ஓரத்தில் சூரியனின் மஞ்சள் விளிம்பு. அதையடுத்து வரிசை கட்டி நிற்கும் எட்டு உருண்டைகள். பாடநூலில் அந்தப் படம்தான், வகுப்பறைச் சுவரிலும் அதுதான், கடையில் விற்கும் சார்ட்டிலும் அதுதான். நான் இன்று உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தது ஒன்றே ஒன்று: அந்தப் படத்தைக் குழந்தைக்கு முதலில் காட்டாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகக் காட்டுங்கள்.

காரணம் சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த குழந்தை எட்டுப் பெயர்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். ஆனால் அதில் உள்ள மஞ்சள் வட்டமும், வீட்டு மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கும் வெயிலும் ஒன்றுதான் என்ற எண்ணம் அதற்கு வந்திருக்காது. கேட்டுப் பாருங்கள். "சூரியன் எங்கே இருக்கிறது?" என்றால் புத்தகத்தைத் திறந்து விரல் வைக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வானத்தைக் காட்டுகிற பிள்ளை குறைவு. பிறந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற ஒன்றை, பார்க்காத ஒன்றைப் போலக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

எனவே நிழலில் தொடங்குவோம். செலவில்லாதது, ஆபத்தில்லாதது, எல்லா ஊரிலும் கிடைப்பது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம். காலை இறைவணக்கம் முடிந்ததும் ஒருவரை மைதானத்தில் நிற்க வைத்து, இன்னொருவர் சாக்பீஸால் அந்த நிழலின் ஓரத்தைத் தரையில் வரையட்டும். நின்ற இடத்தில் பாதங்களையும் வரைந்துகொள்ளட்டும். மதிய உணவு மணி அடித்ததும் அதே பிள்ளை அதே பாதத் தடத்தில் வந்து நிற்கட்டும். காலையில் நீண்டு கிடந்த நிழல் இப்போது காலடியில் சுருங்கியிருக்கும். விழும் திசையும் மாறியிருக்கும். அப்போது பிள்ளைகள் போடும் கூச்சலை அடக்காதீர்கள். "என் நிழல் எங்கே போச்சு?" என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு உடனே பதிலும் சொல்லாதீர்கள். மாலையில் மறுபடி வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். நிழல் போகும் திசைக்கு எதிர்த்திசையில்தான் சூரியன் இருக்கிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்தால் ஒரு குச்சி போதும். ஒரு மீட்டர் நீளம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து நட்டுவிடுங்கள். பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கட்டும். மிகக் குட்டையான நிழல் எப்போது விழுகிறது என்று கடிகாரத்தில் பார்க்கட்டும். எல்லோரும் பன்னிரண்டு மணி என்று எதிர்பார்ப்பார்கள். சென்னையில் பிப்ரவரி நடுவில் அது 12.23, நவம்பர் தொடக்கத்தில் 11.53. கோயம்புத்தூரில் எந்த நாளில் பார்த்தாலும் சென்னையைவிடச் சுமார் 13 நிமிடம் தாமதம். ஏனென்றால் நம் கைக்கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கோவையோ அதற்கு மேற்கே தள்ளி இருக்கிறது, சூரியன் அங்கே உச்சிக்கு வரக் கொஞ்ச நேரமாகும். பூமி சுழல்கிறது என்று பத்து முறை எழுதிப் பார்ப்பதைவிட, இந்த 13 நிமிடம் பிள்ளைகளுக்கு நிறையக் கற்றுத்தரும். இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு பள்ளிகள் தொலைபேசியில் பேசிக்கொண்டே இதைச் செய்யலாம்.

அந்தக் குட்டை நிழலை மாதம் ஒருமுறை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். டிசம்பர் 22 வாக்கில் சென்னையில் ஒரு மீட்டர்க் குச்சிக்கு நண்பகல் நிழல் 74 செ.மீ., வடக்கு நோக்கி விழும். ஜூன் 21 வாக்கில் 18 செ.மீ.தான், அதுவும் தெற்கு நோக்கி விழும். நண்பகல் நிழல் தெற்கே விழுவதைத் தில்லிக் குழந்தையால் ஒருநாளும் பார்க்க முடியாது. லண்டன் குழந்தையாலும் முடியாது. கடக ரேகைக்குத் தெற்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது வாய்த்திருக்கிறது. வடக்கே விழுந்துகொண்டிருந்த நிழல் தெற்கே மாறுவதற்கு இடையில் ஒரு நாள் குச்சிக்கு நண்பகலில் நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அந்த நாளை நிழலில்லா நாள் என்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கிலும், சென்னையில் 24, 25 வாக்கிலும் வருகிறது. சூரியன் தமிழ்நாட்டின் தலைக்கு மேலே தெற்கிலிருந்து வடக்காக ஊர் ஊராக நடந்து போகிறது என்று சொல்லலாம். பிறகு ஆகஸ்ட் நடுவில் சென்னைக்குத் திரும்பி வந்து, செப்டம்பர் தொடக்கத்தில் குமரியைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறது.

எட்டாம் வகுப்புக்கு மேல் கற்பிப்பவர்கள் இதை அப்படியே விட்டுவிட வேண்டாம். சென்னையில் நிழலில்லாத அதே நாளில், கன்னியாகுமரியில் உச்சி நேரத்தில் ஒரு மீட்டர்க் குச்சிக்கு ஏறத்தாழ 8.7 செ.மீ. நிழல் இருக்கும். அளவு வைத்து முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்தால் கோணம் 5 டிகிரி. 360 டிகிரியில் அது 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக ஏறத்தாழ 550 கி.மீ. 72-ஆல் பெருக்கினால் 39,600. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் சயீனிலும் அலெக்சாந்திரியாவிலும் விழுந்த நிழலை ஒப்பிட்டு எரட்டோஸ்தனிஸ் செய்த அதே கணக்கு இது. அவர் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவர் செய்ததைச் செய்ய வைப்பதில்லை. இரண்டு குச்சிகளையும் ஒரு தொலைபேசி அழைப்பையும் வைத்துப் பூமியை அளந்துவிட்ட பதின்மூன்று வயதுப் பெண், அதற்குப் பிறகு அறிவியல் புத்தகத்தை வேறு விதமாகத்தான் படிப்பாள். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகளிடம் மட்டுமல்லாமல் பெரியவர்களிடமும் ஆழமாகப் பதிந்திருக்கும் ஒரு எண்ணத்தை இங்கேயே பேசிவிட வேண்டும். கோடையில் ஏன் சுடுகிறது என்று கேட்டால், "சூரியன் பூமிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது" என்பார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில். மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் நாட்களில்தான் நாம் சூரியனுக்கு நெருக்கமாக இருக்கிறோம். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. தள்ளிப் போய்விடுகிறோம். ஐம்பது லட்சம் கி.மீ. வித்தியாசம் பெரிதாகத் தோன்றினாலும் மொத்தத்தில் அது நூற்றில் மூன்று பங்குதான். வெயிலைத் தீர்மானிப்பது பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. டிசம்பரில் சாய்வாக விழும் ஒளி அகலமான நிலத்தில் பரவிப்போகிறது; ஏப்ரல், மே மாதங்களில் உச்சியிலிருந்து விழும் ஒளி அதே நிலத்தைக் காய்ச்சி எடுக்கிறது. 74 செ.மீ. நிழலைத் தன் கையால் அளந்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். அளக்காத பிள்ளைக்கு அச்சுச் சாய்வு என்பது தேர்வுக்குரிய ஒரு சொல்தான்.

சூரியன் உதிக்கும் இடமும் அப்படித்தான். கிழக்கே உதிக்கிறது என்று கற்றுக்கொடுக்கிறோம். ஆண்டில் இரண்டு நாட்களில்தான் அது சரியாகக் கிழக்கே உதிக்கிறது. சென்னையில் டிசம்பர்க் கடைசியில் கிழக்குப் புள்ளியிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளியும், ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே தள்ளியும் உதிக்கிறது. மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று, எந்தத் தென்னைக்குப் பக்கத்தில், எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சூரியன் எழுகிறது என்று மாதம் ஒரு படம் வரைந்து வந்தால், உத்தராயணமும் தட்சிணாயணமும் பஞ்சாங்கச் சொற்களாக இருந்தது போய்க் கண்ணால் பார்த்த சங்கதிகளாகிவிடும்.

தைப்பொங்கலன்று வாசலில் பொங்கல் வைத்துச் சூரியனை வணங்குகிறோம். அன்றுதான் உத்தராயணம் தொடங்குவதாகச் சொல்கிறோம். நிழலை அளந்த பிள்ளை கேட்கும்: "நிழல் டிசம்பர் 22-ஆம் தேதியிலிருந்தே குறைய ஆரம்பித்துவிட்டதே?" சரியான கேள்வி. பூமியின் அச்சு மிக மெதுவாக, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று, திசை மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் விண்மீன்களை வைத்துக் கணிக்கும் ஆண்டும் பருவகால ஆண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்று விலகுகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு பொங்கல் நாளான மகர சங்கராந்தியும் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. வழக்கம் பிழையானதல்ல, வானம் நகர்ந்திருக்கிறது. இப்படிச் சொன்னால் பண்டிகையும் குறையாது, அறிவியலும் குறையாது.

அடுத்து, சூரியன் எவ்வளவு பெரியது என்ற கேள்வி. எண்ணைச் சொல்வதற்கு முன் அளக்க விடுங்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் காகிதத்தால் மூடி, அந்தக் காகிதத்தில் 5 மி.மீ. துளை போடுங்கள். வெளியே வெயிலில் வைத்து, ஒளியை இருண்ட அறைக்குள் இருக்கும் வெள்ளைச் சுவரில் விழச் செய்யுங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இடைவெளி இருந்தால் 9 செ.மீ.க்குச் சற்று அதிகமான ஒளிவட்டம் விழும். துளை சதுரமாக இருந்தாலும் வட்டம்தான் விழும், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். புங்க மரத்தடியில் பிள்ளைகள் விளையாடும்போது தரையில் தெரியும் வட்ட வட்ட ஒளிப்பொட்டுகளும் சூரியனின் பிம்பங்கள்தான். பிம்பத்தின் அகலத்தைப் போல 107 மடங்கு தூரத்தில் கண்ணாடி இருக்கிறது. அதே விகிதத்தில், 15 கோடி கி.மீ. தொலைவை 107-ஆல் வகுத்தால் சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ. என்று வருகிறது. பூமியை 109 முறை பக்கம் பக்கமாக வைக்கலாம். கண்ணாடியின் ஒளி யார் முகத்திலும் படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இதற்குப் பிறகுதான் மற்ற கோள்கள். இங்கேதான் அந்த சார்ட் செய்யும் தீங்கு பெரிது. அளவையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் எந்தப் புத்தகப் பக்கத்திலும் அச்சடிக்க முடியாது. மைதானத்தில் செய்யலாம். எல்லாவற்றையும் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். சூரியன் 14 செ.மீ. பந்து. மஞ்சள் துணி சுற்றி மைதானத்தின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஆறு மீட்டர் நடந்தால் புதன். அரை மில்லிமீட்டர், ரவையில் ஒரு துணுக்கு. 11 மீட்டரில் வெள்ளி, 15 மீட்டரில் பூமி. இரண்டும் கேழ்வரகு மணிகள். பூமியிலிருந்து நான்கு செ.மீ. தள்ளி நிலா, ஊசி முனையளவு. 23 மீட்டரில் செவ்வாய், ஒரு கசகசா. அதுவரை பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருவார்கள். பிறகு நடை நீளும். வியாழன் 78 மீட்டரில், ஒரு கோலிக்குண்டு. சனி 143 மீட்டரில், கொஞ்சம் சிறிய கோலி. யுரேனஸ் 287 மீட்டரில், ஒரு மிளகு. நெப்டியூன் 450 மீட்டரில், இன்னொரு மிளகு. பெரும்பாலான பள்ளிகளில் சனிக்குள்ளேயே மதில்சுவர் வந்துவிடும். மீதி தெருவிலும் ஆற்றங்கரையிலும் நடக்க வேண்டியதுதான். நெப்டியூன் நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து, அந்த மஞ்சள் பந்து தெரிகிறதா என்று கேளுங்கள்.

அந்த நடையில் இடையே இருக்கும் வெறுமைதான் பாடம். கயிற்றைக் கட்டி, அதில் ஒரு பிள்ளையின் விரலை வினாடிக்கு 3 செ.மீ. வீதம் நகர்த்தச் சொல்லுங்கள். இந்த அளவில் ஒளியின் வேகம் அவ்வளவுதான். சூரியனிலிருந்து கேழ்வரகு மணியை அடைய எட்டு நிமிடம் இருபது வினாடி ஆகும். பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள், இழக்கட்டும். நெப்டியூனை அடைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் இந்த அளவில் எங்கே இருக்கும்? 4,000 கி.மீ. தள்ளி. குமரியிலிருந்து காஷ்மீர் போனாலும் போதாது.

இதே மைதானத்தில் ஆதித்யா எல்1 விண்கலத்தையும் காட்டிவிடலாம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று தன் சுற்றுப்பாதையில் நிலைகொண்டது. "சூரியனுக்கு ராக்கெட் விட்டிருக்கிறோம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது போனது 15 லட்சம் கி.மீ. நம் மாதிரியில் 15 மீட்டரில் 15 செ.மீ. மட்டுமே. அங்கே பூமியின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து, கலம் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றி வரும்படி அமைகின்றன. நிலாவோ பூமியோ மறைக்காமல் எந்நேரமும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தத் திட்டத்தை இயக்குநராக இருந்து நடத்தியவர் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகர் ஷாஜி. வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லத் தவறாதீர்கள்.

பெயர்களை ஒப்பிப்பதைவிட, கோள்களை வானத்தில் ஒருமுறை பார்ப்பது மேல். வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி நான்கும் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிபவை. நல்ல பைனாகுலரை ஆடாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்டவை அவை. விடிவெள்ளியைப் பார்த்து வயலுக்குக் கிளம்பிய தாத்தாக்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பி, "நடுச்சாமத்தில் அதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்கு நெருங்கிச் சுற்றுவதால் அதை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. வெள்ளியின் பாதை நம் பாதைக்கு உள்ளே இருக்கிறது என்பதற்குத் தாத்தாவின் வாய்ச்சொல்லே சான்று.

நவக்கிரக சன்னதியைச் சுற்றி வரும் ஒரு சிறுமி கேட்டாள்: "இங்கே ஒன்பது இருக்கே, பூமி எங்கே?" அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தாலும் தகும். பூமியில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள், நகர்ந்துகொண்டிருப்பவற்றை எண்ணினார்கள். தாங்கள் நின்ற இடத்தை எண்ணவில்லை. சூரியனும் சந்திரனும் அந்தக் கணக்கில் வந்தது அதனால்தான். கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களும் அதில் உண்டு. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸும், 1846-இல் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூனும் இல்லை. ராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் வந்தால் கிரகணம் நேரும். கிரகணம் என்பது நிழல்தான் என்று ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே எழுதிவிட்டார். புளூட்டோவைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு, 2006-இல் வானியலாளர்கள் கூடிக் கோளுக்கு வரையறை வகுத்தபோது அது குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டது என்று சொன்னால் போதும்.

"சூரியன் எதை எரிக்கிறது? தீர்ந்துபோகாதா?" இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். சூரியன் விறகைப் போல் எரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் அப்படி மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாகி வெளியேறுகிறது. 460 கோடி ஆண்டுகளாக இது நடக்கிறது. இன்னும் 500 கோடி ஆண்டுகள் நடக்கும். பிறகு சூரியன் ஊதிப் பெருத்து, சிவந்து, வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு, பூமியளவே உள்ள வெண்குறு விண்மீனாகச் சுருங்கிவிடும். எந்த விண்மீன் அப்படி அமைதியாகச் சுருங்கும், எது அப்படிச் சுருங்க முடியாது என்பதற்கான எல்லையைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அந்தக் கணக்கைத் தொடங்கினார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். சூரியன் அணைந்துவிடுமா என்று கேட்டு அழும் குழந்தைக்கு 500 கோடியைப் பொறுமையாக விளக்குங்கள். "சும்மா இரு" என்று சொல்லாதீர்கள்.

அந்த ஹீலியத்துக்கும் நம் நிலத்துக்கும் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் நின்று பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரியனின் விளிம்புச் சுடர்களை நிறமாலைக்காட்டியில் பார்த்தார். அந்தக் கிரகணத்தையொட்டி நடந்த ஆய்வுகளில், இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் செய்தவையும் சேர்ந்து, பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு மஞ்சள் கோடு பேசப்பட்டது. அதுதான் ஹீலியம். பூமியில் அது கிடைத்தது 1895-இல். சூரியனில் முதலில் கண்டு, பிறகு வீட்டில் தேடி எடுத்த தனிமம்!

அந்தக் காலத்தில் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்து செல்லும் நிகழ்வு வந்தபோது, பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று அதைப் பற்றிச் சிறுநூல் எழுதி, இந்திய மொழிகளில் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இந்த வேலையைத் தொடங்கி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

கொடைக்கானலையும் சொல்ல வேண்டும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி அதன்பின் வலுவாக எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்கப் பஞ்ச ஆணையம் பரிந்துரைத்தது. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் உலக ஆய்வாளர்களுக்கு இன்றும் பயன்படுகின்றன. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் ஏரியில் படகு விட்டுத் திரும்பிவிடுகின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்கி மலை மேல் இருக்கும் அந்த ஆய்வகத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

கடைசியாகக் கிரகணம். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும், 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலும் வளையக் கிரகணம் தெரிந்தது. பல வீடுகளில் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தார்கள். அந்தப் பயத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது: கிரகணச் சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை கருகும். விழித்திரையில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லாததால், கெடும்போது தெரியவே தெரியாது. கருப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படலம், புகை படிந்த கண்ணாடி, தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் காப்பாற்றாது. தரச்சான்று பெற்ற சூரியக் கண்ணாடியோ, 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோ வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் நாம் செய்த துளையிட்ட கண்ணாடி போதும். சுவரில் விழும் வட்டம் பிறையாகி, வளையமாகி, மறுபடி முழுமையாவதை வகுப்பு முழுதும் ஒன்றாகப் பார்க்கலாம். மரத்தடியில் ஆயிரம் வளையங்கள் தரையில் கிடக்கும்.

2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டில் மீண்டும் வளையக் கிரகணம் தெரியப் போகிறது. பகல் ஒரு மணியையொட்டி, உச்சி வெயிலில். ஆனால் மே மாதம் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் அப்போது நம் கையில் இருக்க மாட்டார்கள். பாட்டி வீட்டில் இருப்பார்கள். அதனால் ஆசிரியர்கள் அந்த ஆண்டு ஏப்ரலில், ஆண்டுத் தேர்வுக்கு முன்பே, ஒவ்வொரு பிள்ளையையும் தன் கையால் ஒரு துளைக் கண்ணாடியைச் செய்ய வைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதைப் பாட்டிக்கு எப்படிக் காட்டுவது என்றும் வகுப்பிலேயே பழக்கிவிட வேண்டும். பெற்றோர்கள் அந்த நாளில் கதவைச் சாத்தாமல், நிழல் விழும் ஒரு சுவரைப் பிள்ளைக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.